அந்த டிராயரில் சார்ஜருக்கு என்ன வேலை?

கேள்வி: நான் தேனி மாவட்டத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒரே மகன், டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஐ.டி. வேலை. கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு பிஸ்டல் வாங்கிவிட்டான். சனிக்கிழமையானால் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போவதுதான் பொழுதுபோக்கு. போன வருடம் நாங்கள் போயிருந்தபோது என்னையும் கூட்டிப்போனான். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, ‘நிறுத்து’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்வது, எல்லாம் பார்த்து அசந்துபோனேன். ஆனாலும் வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பது மனதை உறுத்துகிறது. கட்டில் பக்கத்து மேசை டிராயரில் தோட்டா போட்டே வைத்திருக்கிறான். “திருடன் வந்தால் அப்போது போய்த் தேடிக்கொண்டிருக்க முடியுமா?” என்கிறான். ஏழு வயதுப் பேரன் ஐபேட் சார்ஜர் எடுக்க அந்த டிராயரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும், ஆனால் அவன் சமர்த்து, எதையும் தொடமாட்டான். எங்கள் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வரும் என்பதால் என் அப்பா காலத்திலிருந்தே லைசென்ஸோடு ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருந்தது. துப்பாக்கி பீரோவில், தோட்டாக்கள் என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். அதைச் சொல்லியே மகன் வாயை அடைக்கிறான்: “நீங்கள் வைத்திருந்தால் சரி, நான் வைத்திருந்தால் தப்பா? சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, அங்கே என்ன கெட்டுப்போச்சு?” ஜூனில் மறுபடி போகிறோம். அந்த ஊர்க் கலாசாரம் அப்படித்தான் என்று விட்டுவிடுவதா? விருந்தாளியாகப் போகிற இடத்தில் சண்டை வளர்க்கவும் மனமில்லை.
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்:

ஐயா, கலாசாரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தச் சார்ஜருக்கு வாருங்கள்.

ரேஞ்சின் ஒழுங்கை அவ்வளவு ரசித்து எழுதிய நீங்கள், பேரன் அந்த டிராயரைத் திறப்பதை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லி, “என்னவோ போல இருக்கும்” என்று முடித்துவிட்டீர்கள். என்னவோ போல என்றால்? பயம் என்று எழுதக் கை வரவில்லையா? ஏழு வயதுப் பிள்ளை டிராயரை முழுசாகத் திறந்து, உள்ளே பார்த்து, நிதானமாக எடுக்கிற ஜாதியா? பாதி திறப்பான், கையை விட்டுத் துழாவுவான், வயர் அகப்பட்டதும் வெடுக்கென்று இழுப்பான். வயருக்கோ பக்கத்தில் கிடப்பதையெல்லாம் சுற்றிக்கொள்வதுதான் குணம். பக்கத்தில் கிடப்பது தோட்டா போட்ட பிஸ்டல். இதை நீங்கள் ஒரு தடவை பார்க்கவில்லை, “திறக்கும்போதெல்லாம்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள், இல்லையா?

“சமர்த்து, தொடமாட்டான்” என்கிறீர்கள். ஓர் ஆசிரியரிடமிருந்து இந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் 2001 இல் வெளியான குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று இருக்கிறது. 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அறையில் ஒரு டிராயரில் நிஜக் கைத்துப்பாக்கி, சுடாதபடி செய்து வைத்தது. மொத்தம் 29 குழு. 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன, 16 குழுக்களில் கையில் எடுத்தார்கள், 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தியே விட்டான். அப்படித் தொட்ட பையன்களில் மிகப் பெரும்பாலோர், துப்பாக்கியைத் தொடக்கூடாது என்கிற மாதிரி பாதுகாப்புப் பாடம் ஏதோ ஒரு வகையில் ஏற்கெனவே கேட்டிருந்தவர்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் சமர்த்துப் பிள்ளைகள்தான். 2020 முதல் அமெரிக்காவில் ஒரு வயது தாண்டிய குழந்தைகள், பதின்ம வயதினர் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், சாலை விபத்து அதற்குப் பின்னால் போய்விட்டது.

சரி, இப்போது கலாசாரத்துக்கு வருவோம். மகன் பொழுதுபோக்கு என்கிறான், நீங்களும் அப்படியே திருப்பி எழுதுகிறீர்கள். பொழுதுபோக்குக்கு வாங்கிய பிஸ்டல் தோட்டாவோடு தலைமாட்டில் தூங்காது. சனிக்கிழமை பைக்குள் போகும், ரேஞ்சில் சுடும், துடைத்து மறுபடி பூட்டுக்குள் போகும். உங்கள் மகன் சனிக்கிழமை விளையாட்டுக்காரன், மீதி ஆறு நாளும் திருடனுக்காகக் காத்திருப்பவன். இந்த இரண்டும் ஒரே துப்பாக்கிக்குள் கலந்துபோனதுதான் அமெரிக்கக் கதை. 2023 இல் பியூ ஆய்வு மையம் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களிடம் முக்கியக் காரணங்கள் என்னென்ன என்று கேட்டபோது 72 சதவீதம் பேர் பாதுகாப்பு என்றார்கள், விளையாட்டுக்குச் சுடுவதைச் சொன்னவர்கள் 30 சதவீதம்தான். 1791 இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த உரிமை, 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கிகள், டெக்சாஸில் 2021 முதல் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம். அந்தக் காற்றைத்தான் உங்கள் மகன் சுவாசிக்கிறான், அது எனக்குப் புரியாமல் இல்லை.

மற்ற ஊர்களிலும் ஆசையாகச் சுடுகிறார்கள். ஆனால் விளையாட்டை ஒரு பக்கமும் பயத்தை ஒரு பக்கமும் பிரித்து வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1996 இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சட்டத்தை மாற்றினார்கள்: துப்பாக்கி வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும், ரேஞ்ச், வேட்டை, விவசாயம் என்றால் பார்ப்பார்கள், “என்னைக் காத்துக்கொள்ள” என்றால் அது காரணமாகவே எடுபடாது. பிரிட்டனில் அதே 1996 இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிக்குத் தடை. பிஸ்டல் போட்டிக்குத் தயாராகிறவர்கள் வெளிநாட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று, கஷ்டம்தான், இருந்தும் தடையை எடுக்கவில்லை. ஜப்பானில் கைத்துப்பாக்கி என்ற பேச்சே சாதாரண ஆளுக்குக் கிடையாது. களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டுக்கு ஷாட்கன் வாங்க எழுத்துத் தேர்வு, டாக்டர் சான்றிதழ், போலீஸ் விசாரணை, துப்பாக்கிக்கு ஒரு பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்கு வேறொரு பூட்டுப் பெட்டி, இரண்டும் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று போலீசுக்குக் காட்ட வேண்டும்.

மகன் சொல்லும் சுவிட்சர்லாந்து? தாராளமாகப் பேசலாம், அவன்தான் பாதியில் நிறுத்திவிட்டான். அங்கே ராணுவப் பயிற்சி எடுத்த ஆண்கள் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் வைக்கக்கூடாது என்று 2011 இல் பொது வாக்கெடுப்பு நடத்தியபோது மக்களே அதைத் தோற்கடித்தார்கள். சூரிச்சில் செப்டம்பரில் திருவிழாவே நடக்கும், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ராணுவத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவார்கள், 1991 முதல் பெண் பிள்ளைகளும் சேர்த்தி. பார்க்க நமக்கே ஆசையாக இருக்கும். ஆனால் 2007 இல் எடுத்த முடிவின்படி, வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த ராணுவத் தோட்டாக்களை அரசு திரும்ப வாங்கிக்கொண்டது. ரேஞ்சில் மானிய விலைக்குத் தரும் தோட்டாவை அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகும்போது தோட்டா தனியாகத்தான் போக வேண்டும். இடுப்பில் செருகிக்கொண்டு திரிய வேண்டுமானால், அவசியத்தை நிரூபித்துத் தேர்வும் எழுத வேண்டும். அப்புறம், அங்கே ஒன்றும் கெடவில்லை என்பதும் உண்மையில்லை. 2001 இல் ட்சூக் நகரில் மாநிலச் சட்டமன்றத்துக்குள்ளேயே ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான்.

சுவிஸ்காரனைப் போல இருக்கிறேன் என்று சொல்பவன் அந்த டிராயரிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்கட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

டெக்சாஸை மட்டும் சாக்குச் சொல்ல விடாதீர்கள். அங்கேயே சட்டம் இருக்கிறது. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எடுத்துவிடும் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால், வைத்தவர் மேல் குற்றம். தோட்டா மேகசின் என்கிற தோட்டாக் கூட்டில்தான் இருந்தது, சுடுவதற்குக் குழலுக்குள் ஏறவில்லை என்றெல்லாம் வாதாட முடியாது. இன்னொன்று, கடையில் பிஸ்டல் வாங்கினால் அதோடு ஒரு பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்று 2005 இல் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பூட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், வாங்கிவந்த டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் என்பது என் ஊகம். இத்தனைக்கும் சட்டம் தெரியாதவன் இல்லை உங்கள் மகன். எச்1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. அதனால்தானே கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்தான்? தனக்கு வம்பு வரும் இடத்தில் பொறுமை, பிள்ளை கை நீட்டும் இடத்தில் அவசரம்.

“நீங்கள் வைத்திருந்தால் சரியா?” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்று நினைத்துத் திரும்பி வந்திருக்கிறீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ஐயா. துப்பாக்கி பீரோவில், தோட்டா உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் வாங்கி, காலக்கெடு பார்த்துப் புதுப்பித்து, தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிய குடும்பமாகத்தான் இருந்திருப்பீர்கள், நம் ஊரில் நடைமுறை அதுதானே. உங்கள் மகன் அதே வீட்டில் ஏழு வயதாக இருந்தான். அவன் கைக்கு அந்தத் தோட்டா ஒரு நாளாவது எட்டியதா? அவனுக்கு எட்டாமல் ஒரு கிழவி காவல் இருந்தாள். இன்று அவன் பிள்ளைக்கு யார் காவல்? இதை அவன் முகத்துக்கு நேரே கேட்பது உங்கள் வேலை, அந்தக் குடும்பத்தில் இன்று மூத்தவர் நீங்கள்.

விருந்தாளி என்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. தாத்தா எந்த வீட்டில் விருந்தாளி? காபி நன்றாக இருக்கிறது, வீடு விசாலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவதற்கா பேரன் பிறந்தான்? தோளுக்கு மிஞ்சினால் தோழன்தான், தோழன் தப்புச் செய்தால் வாயைத் திறக்கமாட்டீர்களா? மகனிடம் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மௌனமாக இருக்கிற அப்பாக்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. விஷயம் மாறும், மௌனம் மாறாது.

கடிதம் முழுக்க மருமகள் ஓர் இடத்தில்கூட வரவில்லை, கவனித்தீர்களா? அந்தக் கட்டிலில் தூங்குகிற இன்னொரு ஆள் அவள். பையனுக்குத் தாய். அவளிடம் யாராவது கேட்டீர்களா?

துப்பாக்கியை விற்றுவிடு என்று ஆரம்பிக்காதீர்கள், உடனே உரிமை, சட்டம் என்று அவன் ஏறிக்கொள்வான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுவதில் தங்கம் வாங்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். நீங்கள் கேட்க வேண்டியது பூட்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதும் அதுதான்: தோட்டா இல்லாமல், பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். திருடன் வந்தால் நேரம் இருக்காது என்று பிடிவாதம் பிடித்தால், விரல் வைத்தோ நம்பர் அழுத்தியோ நொடியில் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டிகள் அங்கே சில நூறு டாலருக்குள் கிடைக்கின்றன, டிராயரைவிட அது எவ்வளவோ மேல். நம்பர் பையனின் பிறந்தநாளாக இருக்கக்கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பவும் வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள், ஸ்பீக்கரில் மருமகளும் இருக்கட்டும், உங்கள் பக்கம் உங்கள் மனைவியும் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு நாலு வாரம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். பெட்டி வாங்கி, பிஸ்டலை உள்ளே வைத்துப் பூட்டிப் போட்டோ அனுப்பும்வரை டிக்கெட் போடாதீர்கள்.