பழைய சன் வேர்க்ஸ்ரேஷனுக்குக் கரண்ட் கொடுக்க முன்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அண்ணா, ஒரு அலுவலகம் கழித்துவிட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினி, அல்ட்ரா 5, கிடைத்தது. நெடுநாளாக ஸ்டோரில் கிடந்ததாம். நேரே பிளக்கில் போடலாமா?

வேண்டாம் தம்பி. 1998இல் வந்த மெஷின் அது. முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் கிடந்த பெட்டியென்றால் உப்புக் காற்றில் கார்ட் விளிம்புகளும் ராம் சொக்கெற்றும் பச்சை பிடித்திருக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் காய்ந்திருப்பதும் உண்டு. 99 வீத ஐசோபுறொப்பைல் அற்ககோலால் மென்மையான தூரிகை கொண்டு துடையுங்கள். கொழும்பு ஈரப்பதனுக்கு ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள்.

பிறகு டிஸ்க்கையும் மேலதிக கார்ட்களையும் கழற்றிவிட்டு, 100 வோட் குண்டு பல்பைத் தொடராக வைத்துக் கரண்ட் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷோர்ட். அது சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு, மதர்போர்ட் இணைந்திருக்கும் நிலையிலேயே அளவுங்கள்: 5 வோல்ற் வழி 4.75க்கும் 5.25க்கும் இடையில், 12 வோல்ற் வழி 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்த அளவை நம்பாதீர்கள்.

சப்ளையைத் திறப்பதானால் கவனம். நம் 230 வோல்ற் உள்ளே சுமார் 325 வோல்ற் டீசியாகப் பெரிய கப்பாசிற்றரில் சேர்ந்து, பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். 10 கிலோ ஓம், 10 வோட் ரெசிஸ்ரரால் அரை நிமிடம் வடித்து, மீற்றரால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

தெஹிவளை: ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீனில் ஒன்றுமில்லை.

கரண்டை நிறுத்திக் கீபோர்ட்டைக் கழற்றுங்கள். கீபோர்ட் இல்லையென்றால் ஓபன்பூட் (மெஷினை எழுப்பும் உள் மென்பொருள்) தானாகவே சீரியல் ஏ போர்ட்டில் பேசும், இன்னொரு கணினியைப் பூட்டி அதில் பார்க்கலாம். அல்ட்ரா 5இல் அது 25 பின் உள்ளது. 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்ரொப் பிட். 'நல் மொடெம்' (null modem) கேபிள், அதாவது அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாறியது வேண்டும், நேர்க் கேபிள் சரிவராது. கரண்ட் ஓடும்போது கீபோர்ட்டைக் கழற்றிப் பூட்டினால் மதர்போர்ட்டில் உள்ள ஃபியூஸ் போய்விடலாம்.

கொட்டாஞ்சேனை: ஐடிபுரொம் (மெஷினின் அடையாளப் பதிவு) பிழை என்கிறது. ஈதர்நெற் முகவரி முழுக்க எஃப் எஃப்.

என்வி ராம் சிப்பின், அதாவது கரண்ட் போனாலும் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவகத்தின், பற்றரி செத்துவிட்டது. உங்கள் மதர்போர்ட்டில் இருப்பது எம்48டி59. பற்றரியும் கடிகாரப் படிகமும் சிப்பின் தலைக்குள்ளேயே அடைக்கப்பட்டவை. சொக்கெற்றில்தான் நிற்கிறது, இரு முனையையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் பிடித்து வையுங்கள், பல சிப்களில் முகவரியின் கடைசி மூன்று பைட் அதில் இருக்கும்.

புதிய சிப் போட்டதும் ஓபன்பூட்டில் 'செட்-டிஃபோல்ட்ஸ்', பிறகு 'எம்கேபி' கட்டளையால் 16 பைட்டையும் எழுதுங்கள். 0ஆம் இடத்தில் 1. அடுத்ததில் மெஷின் வகை, அல்ட்ரா 5க்கு 80. 2 முதல் 7 வரை ஈதர்நெற் முகவரி, சன் மெஷினுக்கு 8, 0, 20 என்று தொடங்கும். 8 முதல் பி வரை தேதி, 0 போதும். சி முதல் ஈ வரை முகவரியின் கடைசி மூன்று பைட். கடைசி இடத்தில் முன்னைய 15 பைட்டின் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு). எல்லாம் ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட) எண்கள். அந்தக் கடைசி பைட் பிழைத்தால் மற்றவை சரியாக இருந்தும் அதே பிழைதான் வரும்.

பம்பலப்பிட்டி: புதிய சிப்புக்கு ஏன் காசு? தலையை அராவி சிஆர்2032 பற்றரி பூட்டினால் போதுமே.

படிகமும் அதே தலைக்குள் இருக்கிறது. அரம் சற்று விலகினால் கடிகாரம் போச்சு.

பம்பலப்பிட்டி: புதிது என்று விற்பதெல்லாம் கழற்றி எடுத்த பழைய சிப், அண்ணா. பற்றரி அதிலும் செத்ததுதான்.

அது உண்மை, மறுக்கமாட்டேன். வாங்குமுன் வருடமும் வாரமும் குறிக்கும் நாலு இலக்கத்தைக் கேளுங்கள், பழைய வருடமென்றால் விடுங்கள்.

வத்தளை: பழைய பற்றரியோடு புதியதைச் சமாந்தரமாகப் பூட்டலாமா?

கூடவே கூடாது. செத்த செல் புதியதை வடித்துவிடும். உள்ளேயுள்ள இணைப்பை வெட்டி, எது பிளஸ் என்று மீற்றரால் உறுதி செய்த பிறகே வயர் பிடியுங்கள். அராவத்தான் போகிறீர்கள் என்றால் செத்த சிப்பில் செய்யுங்கள், புதியதில் வேண்டாம்.

மருதானை: ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்ட் தெரியாது. சொலாரிஸை (சன்னின் இயங்குதளம்) அழித்துப் புதிதாகப் போடட்டுமா?

டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். முதலில் பிரதி. லினக்ஸ் மெஷினில் பூட்டி, ரீட் ஒன்லியாக, டிடிரெஸ்கியூ என்ற பிரதியெடுக்கும் மென்பொருளால் முழு டிஸ்க்கையும் எடுங்கள். அந்த டிஸ்க்கிலுள்ள லைசன்ஸ் கோப்பும் பழைய கம்பைலரும் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பழைய உரிமையாளரின் தரவு இருந்தால் அவரிடம் கேட்டு முடிவெடுங்கள். அதன் பின் சொலாரிஸ் சீடியில் சிங்கிள் யூசராகப் பூட் செய்து, ரூட் பகுதியை மவுண்ட் செய்து, பாஸ்வேர்ட்கள் இருக்கும் ஷாடோ கோப்பில் ரூட் வரியின் இரண்டாவது புலத்தை வெறுமையாக்குங்கள். கோப்பைத் திருத்தும் விஐ மென்பொருள் திரையில் குழம்பினால் டெர்ம் மாறியை விடி100 ஆக்குங்கள்.

கல்கிசை: ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கிறது, என்ன செய்ய?

தெஹிவளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பொரளை: அல்ட்ரா 5இல் சொலாரிஸ் 11 ஓடுமா?

ஓடாது. 10 வரைதான். நெற்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளமும் ஓடும்.

கிராண்ட்பாஸ்: எனக்கும் ஸ்கிரீன் வரவில்லை. டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணிப் பார்க்கட்டுமா?

ஸ்கிரீனுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. கீபோர்ட்டைக் கழற்றுங்கள், சீரியல் கேபிளைப் பூட்டுங்கள், டிஸ்க்கை விடுங்கள்.

கொள்ளுப்பிட்டி: பூட் ஆக வெகுநேரம் எடுத்துக் கடைசியில் நெற்வேர்க்கைத் தேடுகிறது.

செத்த என்வி ராம் சிப்பில் 'டயக்-சுவிட்ச்?' என்ற சோதனை அமைப்பு உண்மை (true) என்று நிற்கிறது. அதைப் பொய்யாக்கி (false) ரீசெட் செய்யுங்கள், டிஸ்க்கிலிருந்து எழும்பும். சிப்பை மாற்றும்வரை கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டிவரும்.