அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் ஒன்பது நாள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், ஆரஞ்சு மேலங்கி வேண்டும் என்கிறார்கள். போகலாமா?

போகலாம். ஆனால் "சும்மா வேடிக்கை பார்க்க வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். விசாவில் இருப்பவர்களுக்கு அதுதான் ஆபத்தான வழி.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது நாள் வேட்டை, ஆரஞ்சு மேலங்கி, கூப்பிடுவது அலுவலகத்துக்காரர்கள் என்றெல்லாம் எழுதியிருப்பதால் விஸ்கான்சின் என்றே வைத்துக்கொள்கிறேன். நானும் இங்கேதான் இருக்கிறேன்.

கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அதற்கு இருக்கும் சில விலக்குகளில் நமக்கு உதவக்கூடியது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். உரிமம் இல்லாமல் போன இடத்தில் நண்பர் "ஒரு போட்டோவுக்குப் பிடித்துக்கொள்" என்று நீட்டுவதை வாங்கினீர்கள் என்றால் அவருக்கு அது விளையாட்டு, உங்களுக்கு வழக்கு. நான் வக்கீல் இல்லை. விசா விஷயத்தில் என் பேச்சை மட்டும் நம்பாமல் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உரிமம் எடுக்காமல் போகாதீர்கள் என்று சொல்ல வக்கீல் தேவையில்லை.

உரிமத்துக்கு முன்னால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். என் வகுப்பில் என்னைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

"மானைக் கொல்லப் போகிறவனுக்கு வழி வேறு சொல்கிறாயா?" என்று கேட்க இங்கே சிலர் காத்திருப்பீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வளர்ந்தவர்களுக்கு மான் என்றால் உயிரியல் பூங்கா, இல்லாவிட்டால் கோர்ட். என் அம்மாவே போனில், "மானைச் சுட்டதற்குத்தானே அந்த இந்தி நடிகரைப் பிடித்து உள்ளே போட்டார்கள்?" என்று கேட்டார். இங்கே நிலைமை வேறு. இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் வெள்வால் மான்கள் இருக்கின்றன. அவற்றைத் தின்னும் ஓநாய்கள் வடக்கே கொஞ்சம்தான். இலையுதிர் காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் காரில் அடிபட்டுக் கிடக்கும் மான்களைப் பார்த்தவர்கள் என்னிடம் கருணையைப் பற்றிப் பேச வருவதில்லை. கோழி 65 வாங்கித் தின்றுகொண்டே எனக்குப் பாடம் எடுப்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சைவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இனி, இந்தக் கேள்வி என்னை உட்கார்ந்து எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். உங்களை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தீர்களா?

என்னை முதல் முறை கூப்பிட்டவர் என் பக்கத்து இருக்கைக்காரர். டேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே காட்டுக்குள் அவருடைய அப்பாவுக்கு ஒரு மரக் குடில் உண்டு. விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள், சுவர் நிறையக் கொம்புகள். வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்ததும் டேவின் மச்சான் என் தோளில் தட்டி, "ஆகா, இன்னொரு டேக் வந்துவிட்டது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

டேக் என்று எல்லோரும் சொல்வது மான் எடுப்பதற்கான அனுமதி. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் உரிமத்தோடு ஒரு கொம்பு மானுக்கான அனுமதி வருகிறது. இப்போது அது காகிதச் சீட்டுகூட இல்லை, ஓர் எண்தான். மானைச் சுட்ட மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அந்த எண்ணைப் போட்டு இணையத்திலோ போனிலோ பதிவு செய்ய வேண்டும். விஸ்கான்சினில் குழுவாக வேட்டையாடுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. துப்பாக்கியோடு வேட்டையில் இருக்கும் ஒருவர், அதே குழுவில் டேக் மீதம் இருக்கும் இன்னொருவருக்காகவும் மான் சுடலாம். பல மாநிலங்களில் இது குற்றம். இங்கேயும் ஒரு நிபந்தனையோடுதான் சரி: சுடும் நேரத்தில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தூரத்தில், அல்லது வாய்விட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். செல்போன், வாக்கி டாக்கி எதுவும் செல்லாது.

இதை எனக்குச் சொன்னவர் டேவின் அப்பாதான். அன்றிரவு சீட்டாட்டத்துக்கு நடுவே, காதில் மாட்டியிருந்த கருவியைத் தொட்டுக் காட்டி, "கருவி எதுவும் கூடாது என்று எழுதியவர்கள் காதுக் கருவிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சட்டசபையில் எனக்காகவும் ஒருவன் பேசியிருக்கிறான்" என்றார். உண்மைதான், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. சில வருடங்களாகத் தனக்குக் கொம்பு மான் வாய்க்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

சனிக்கிழமை காலையிலேயே டேவ் ஒரு கொம்பு மானை எடுத்துவிட்டார். அவருடைய டேக் அதோடு தீர்ந்தது. ஞாயிறு பிற்பகல் நான் மேட்டுக்கு அந்தப் பக்கம், சதுப்பு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். காய்ந்த சருகில் ஓர் அணில் ஓடினால் ஒரு மான் கூட்டமே வருவது போலச் சத்தம் கேட்கும். உண்மையான மான் அப்படி வராது. நான்கு அடி வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், பிறகு இரண்டு அடி வைக்கும். அந்த வித்தியாசம் பிடிபடுவதற்குள் அணில்களுக்கு எதிராகப் பலமுறை துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன்.

மேட்டுக்கு அப்பால் ஒரு வெடிச் சத்தம். சிறிது நேரத்தில் போன் அதிர்ந்தது. டேவ்தான். "எட்டு முனைக் கொம்பு! உன் எண்ணைச் சொல்."

நான் அரை மைலுக்கு அப்பால் இருந்தேன். கத்தினாலும் கேட்காது. நடுவே மேடு இருக்கையில் பார்க்கவும் முடியாது. "முடியாது" என்றேன். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். இந்த ஊரில் பிறந்தவருக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம், எனக்கு விசா புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டமாக வந்து நிற்கலாம். அதைச் சொல்லவில்லை. "அப்பா நேற்றிரவு சொன்னாரே, கூப்பிடும் தூரம் என்று" என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நான் மேட்டைத் தாண்டிப் போனபோது மானுக்குப் பக்கத்தில் அப்பா மண்டியிட்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடம் அதே வெட்டவெளியின் மறுமுனை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். "என் எண்ணைப் போட்டுக்கொள்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அது சட்டப்படி சரி. அவருடைய அந்த வருடக் கொம்பு மான் கணக்கும் அதோடு முடிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இப்படி வா, காலைப் பிடி" என்றார். கத்தியின் முனைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, குடலில் படாமல் வயிற்றுத் தோலை மட்டும் கீறிக்கொண்டு போனார். திறந்ததும் குளிரில் ஆவி எழுந்தது. என் உறைந்துபோன விரல்கள் உள்ளே போனதும் சுட்டன.

இரவுச் சாப்பாடு வரைக்கும் டேவ் என்னிடம் பேசவில்லை. மச்சான் எனக்கு "வார்டன்" என்று, அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி என்று, பெயர் வைத்தார். இன்றும் அந்தக் குடிலில் என் பெயர் அதுதான். அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டது அப்பா. டேவ் அந்த எட்டு முனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஓரக் கண்ணால் பார்ப்பார், பார்க்கட்டும். அவர் கெட்டவர் இல்லை. என் கார் பனியில் மாட்டியபோது இரவில் வந்து இழுத்துவிட்டவரும் அவர்தான். ஆனால் என்னை டேக்காகத்தான் முதலில் பார்த்தார் என்பதும் உண்மை.

இதே கண்தான் அலுவலகத்திலும். தேங்க்ஸ்கிவிங் வாரம் வந்தால் இரவுப் பணிப் பட்டியலில் இந்தியர்கள் பெயர்களாகவே இருக்கும். "உங்களுக்கு இது பண்டிகை இல்லையே" என்பார் மேலாளர், உதவி செய்கிற முகத்தோடு. சரி, தீபாவளிக்கு விடுப்புக் கேட்டால் "அன்று முக்கியமான வெளியீடு இருக்கிறதே" என்பார். பொங்கலா, அது என்ன என்று கேட்பார். நான் எழுதிக் கேட்ட பிறகுதான் பட்டியல் மாறியது. அப்போதும் கூட இருந்த நம் ஆட்களில் ஒருவர், "எதற்குப் பகைத்துக்கொள்கிறீர்கள்?" என்று எனக்கே புத்தி சொன்னார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, தெரியும். ஆனால் வேட்டைக்காலம் விழுவது அதே வாரத்தில்தான்.

ஆகவே போவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாருக்காகச் சுடுவார்கள். சிலரைக் காட்டுக்குள் நடக்கவிட்டு மானை எதிர்முனைக்கு விரட்டும் வேட்டை என்றால் முதல் வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மானும் மனிதர்களும் ஒரே நேரத்தில் நகரும் இடத்தில் புதியவருக்குத் திசை குழம்பும். வெட்கப்பட வேண்டியதில்லை.

இறைச்சியை அவசரப்பட்டுச் சமைக்காதீர்கள். மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் 2002இல் மவுண்ட் ஹோரெப் பக்கம் முதலில் தெரியவந்து, இன்று மாநிலத்தின் பல மாவட்டங்களில் இருக்கிறது. மனிதருக்கு அது தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைத் தின்ன வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியை உறையவைத்துக் காத்திருங்கள். முடிவு சரியாக வந்தால் முதுகுச் சதையை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுங்கள். கொழுப்பே இல்லாத கறி, அடுப்பில் கொஞ்சம் அதிகம் விட்டாலும் செருப்புத் தோல்தான்.

பூட்ஸ் ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள், இரண்டு காலுறை போட இடம் வேண்டும். விடுப்பை ஆகஸ்டிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.