பள்ளிக் கவுன்சிலருக்கு லீடர்ஷிப் பயிற்சி: எதைப் பார்த்துச் சேர்வது?

நியூ ஜெர்சியில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், மாணவர்களுக்குப் படிப்பிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வழிகாட்டும் கவுன்சிலராக இருக்கும் வாசகி கேட்கிறார்: "என் பொறுப்பில் ஏறக்குறைய 400 பிள்ளைகள். கோடையில் லீடர்ஷிப் பயிற்சிக்குப் போக ஆசை. ஆனால் நான் துறைத் தலைவர்கூட இல்லை, உங்களுக்கு எதற்கு இது என்கிறார் பிரின்சிபல். போவதென்றால் எதில் சேரலாம்?"

கட்டாயம் போங்கள். உத்தரவு போட அதிகாரம் இல்லாமலே பிரின்சிபல், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரையும் பேசி இணங்க வைக்க வேண்டிய வேலை உங்களுடையது, அதனால் பதவியில் இருப்பவரைவிட உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கமான ஆஸ்கா, ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் போதும் என்கிறது. வேலை நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கே போக வேண்டும் என்றும் சொல்கிறது. நடப்பது என்ன? தேர்வு மேற்பார்வை, டைம்டேபிள் திருத்தம், மதியச் சாப்பாட்டு நேரக் கண்காணிப்பு என்று பாதி நாள் ஓடிவிடும். இந்த நேரத்தை மீட்கக் கற்றுத்தராத பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். ஆஸ்கா வழியில் அதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது: பள்ளி திறந்த பிறகு ஐந்து வேலை நாட்கள், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளோடு பிரின்சிபல் முன்னால் உட்கார்ந்து, கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கான நவம்பர் 1 ஏர்லி கெடுவுக்குள் சீனியர்களின் (கடைசி ஆண்டு மாணவர்களின்) பரிந்துரைக் கடிதங்களை முடிக்க வேண்டும், அதே வாரங்களில் தேர்வு வேலைக்கு இத்தனை மணி நேரம் போகிறது, எதை யாரிடம் மாற்றலாம் என்று கேளுங்கள், அப்புறம் பேசி முடித்ததை அந்த ஆண்டுக்கான ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெறுங்கையோடு போய் வேலை அதிகம் என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்.

அடுத்து, கூட யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி அட்மிஷன் அலுவலர்களும் கலந்திருக்கும் வகுப்பே மேல். உங்கள் பள்ளி ஒரு மாணவருக்கு மூன்று ஏபி பாடங்களுக்கு (கல்லூரி அளவிலான பாடங்களுக்கு) மேல் அனுமதிப்பதில்லை என்றால் அதை, விண்ணப்பத்தோடு கல்லூரிக்குப் போகும் பள்ளி அறிமுகத் தாளான ஸ்கூல் புரொஃபைலில் எழுதியே ஆக வேண்டும் என்பதை, தினமும் விண்ணப்பம் படிக்கிறவர் வாயிலிருந்து கேட்டால் நன்றாகப் புரியும். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும், கல்லூரிக்கான மத்திய அரசு உதவித்தொகை கேட்கும் ஃபாஃப்சா படிவம் 2023-இல் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, உதவித்தொகைக் கடிதங்கள் தாமதமாகிப் பல கல்லூரிகள், சேரும் கல்லூரியை மாணவர்கள் உறுதிசெய்ய வேண்டிய மே 1 கெடுவையே தள்ளி வைத்தன. அந்த மாதிரி நேரத்தில் யாருக்கு போன் போடுவது என்று தெரிந்திருப்பது பெரிய பலம்.

கவுன்சிலர்கள், அட்மிஷன் அலுவலர்கள் என இரு தரப்பினரும் உறுப்பினராக உள்ள அமைப்பு 1937-இல் தொடங்கிய நாகாக். அதன் நியூ ஜெர்சிக் கிளையில் ஏதாவது ஒரு கமிட்டியில் சேர்ந்து வேலை செய்யுங்கள். என் கணக்கில் அதுவே பாதிப் பயிற்சி.

பணத்துக்கு, ஆசிரியர், பள்ளி ஊழியர் பயிற்சிக்காக மத்திய அரசு தரும் டைட்டில் 2 நிதியில் கவுன்சிலர் பயிற்சிக்கும் இடமுண்டு. டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் அதைக் கவனிப்பவரிடம், அடுத்த ஆண்டு பட்ஜெட் முடிவாகும் முன்பே, எழுத்தில் கேட்டுவிடுங்கள்.