நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டருக்குப் பின் டயரை மட்டும் அகலமானதாக மாற்றலாமா?

முன் டயரில் இன்னும் பாதிப் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை) இருக்கிறது, பின் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன, 13.6 அங்குல அகலமுள்ள 13.6-28 இருந்த இடத்தில் 14.9 அங்குல அகலமுள்ள 14.9-28 போட்டால் சேற்றில் பிடிப்புக் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் ஏற்கெனவே உங்களைப் பாதி சம்மதிக்க வைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். என்னையும் அப்படித்தான் சம்மதிக்க வைத்தார்கள். இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் நிலம் மன்னார்குடிப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். கோடையில் பிளந்து கிடக்கும் களிமண், தண்ணீர் ஏறியதும் முழங்கால் வரை இழுக்கும். குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில் டிராக்டருக்கு ஓய்வே இருக்காது. அறுவடைக்குப் பின் அதே வண்டிதான் டிரெய்லரைக் கட்டி நெல்லும் வைக்கோலும் இழுக்க வேண்டும். அந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சாலைக்கு ஜல்லியைக் கொட்டிய ஒப்பந்தக்காரர் தார் போடாமல் ஆறு மாதம் அப்படியே விட்டுவிட்டார். பின் டயர்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் ஆற்றாமை. உடைத்த ஜல்லியின் கூர்மை என்னவென்று டயர் வாங்குபவனுக்குத்தான் தெரியும்.

கடையில் 14.9 டயரைச் சுவரோரம் நிறுத்திக் காட்டினார்கள். பட்டன்கள் ஆழமாக, கருகருவென்று, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. இருக்கிற ரிம்மிலேயே உட்கார்ந்துவிடும், மட்கார்டிலும் உரசாது என்றார்கள். இரண்டும் உண்மைதான், அதனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லாமல் விட்டது, நான் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று: அந்த டயர் அகலத்தில் மட்டும் பெரியதல்ல, விட்டத்திலும் பழையதைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடுதல். 28 அங்குலம் என்பது ரிம்மின் அளவு, டயரின் உயரம் அல்ல.

இரு சக்கர இயக்க வண்டியாக இருந்தால் இதில் பெரிய கேடு இல்லை. ஒவ்வொரு கியரிலும் வேகம் சற்றுக் கூடும், இழுவை அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவுதான். நான்கு சக்கர இயக்கத்திலோ, அதற்கான லீவரைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் பற்சக்கரங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிடுகின்றன. பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முன் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. வண்டியைப் பின்னிருந்து தள்ளுவதோடு முன்னிருந்தும் இழுக்க வேண்டும் என்பதற்காக, முன் சக்கரம் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை முந்தி ஓடும்படி டயர் அளவுகளைப் பொருத்தியிருப்பார்கள். நான் பின் டயரைப் பெரிதாக்கிய அன்றே அந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. முன் சக்கரங்கள் இழுப்பதற்குப் பதிலாக, வர மறுக்கும் கன்றுக்குட்டியைப் போல இழுபட்டு வந்தன.

சேற்றில் இது தெரியவே இல்லை. சக்கரம் வழுக்கிக்கொள்ள இடம் இருக்கும்வரை அந்த முரண் மறைந்துவிடுகிறது. ஒரு நாள் அண்ணன் மகன் வயலிலிருந்து ஏறி, லீவரை எடுக்க மறந்து, தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் வந்துவிட்டான். வீட்டு வாசலில் நிறுத்தி லீவரை எடுக்கப் பார்த்தால் அது அசையவில்லை. நானும் இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன். கடைசியில், "சித்தப்பா, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று அவன்தான் கேட்டான். ஒரு முழம் பின்னால் போனதும் உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம், லீவர் தானாக விழுந்தது. அச்சுக்குள் முறுக்கேறிப்போயிருந்தது. முன் டயரின் பட்டன் விளிம்புகள் அரம் வைத்துத் தேய்த்ததுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்ததை அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

தார்ச்சாலையில் லீவரைப் போட்டு ஓட்டியது உங்கள் குற்றம்தானே என்று சிலர் கேட்பார்கள். குற்றம்தான், மறுக்கவில்லை. சரியான அளவு டயர் இருந்தாலும் அப்படி ஓட்டக் கூடாது. ஆனால் காய்ந்த வயலில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், டிரெய்லரைக் கட்டி வரப்பு ஏறும்போதும் அதே முறுக்கு வருகிறதே, அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

மெக்கானிக் சொல்லி, மறுநாள் சாக்கட்டியால் நான்கு டயர்களிலும் கோடு போட்டு மண் தரையில் ஓட்டிப் பார்த்தோம். பின் சக்கரம் பத்துச் சுற்று, அதாவது சுமார் 40 மீட்டர். லீவரை எடுத்துவிட்டு ஓட்டியபோது முன் சக்கரம் ஏறக்குறையப் பதினாறு சுற்றுச் சுற்றியது. லீவரைப் போட்டதும் பதினைந்தரைதான். லீவர் போட்ட எண்ணிக்கைதான் சற்றுக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். முன் டயர்கள் பாதி தேய்ந்து விட்டம் குறைந்திருந்ததும் என் பிழையோடு சேர்ந்துகொண்டது. நீங்களும் பாதி தேய்ந்த முன் டயர் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய அளவே வாங்கினாலும், பின்னால் இரண்டும் புதிதாக ஏறியதும் இந்தச் சாக்கட்டிச் சோதனையைச் செய்து பாருங்கள். லீவர் போட்ட எண்ணிக்கை குறைவாக வந்தால் முன் டயருக்கும் சேர்த்துப் பணம் புரட்டுவது நல்லது.

எனவே உங்களுக்கு என் பதில்: 13.6-28 தான். 14.9 வேண்டுமென்றே இருந்தால், அதற்கு இணையான முன் டயர் எது என்று உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்து நான்கையும் மாற்றுங்கள். சேற்றில் பிடிப்பு வேண்டுமென்றால் அதற்குக் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் இருக்கிறது, காய்ந்த உழவுக்கு எடை கூட்ட டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இரண்டு டயருக்கும் அது ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஏமாறாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகிவிட்டது, பில்லோடு வாங்குவதில் இப்போது பெரிய இழப்பு இல்லை.

என்னுடைய 14.9 டயர்களை, பக்கத்து ஊரில் இரு சக்கர இயக்க வண்டி வைத்து டிரெய்லர் ஓட்டுபவர் ஒருவருக்கு நட்டத்துக்குக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறார். வழியில் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, இவ்வளவு நல்ல டயரை எப்படி அண்ணே கொடுக்க மனம் வந்தது என்று கேட்கிறார்.