ஸ்மார்ட் மீட்டர் காசா, கிட்னி மாத்திரை காசா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு 20க்கு 30 மனையில் வீடு. மேலே ஒரு மாடி கட்டி முடித்துவிட்டோம், வாடகைக்கு விடவேண்டும். புது கரண்ட் கனெக்‌ஷன் வாங்கினால் ஸ்மார்ட் மீட்டர்தான் போடுவார்களாம், எல்லாம் சேர்த்து 14,000 ஆகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது வேண்டாம் என்றால் எங்கள் மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்து ஆயிரம் ரூபாயில் சப் மீட்டர் வைத்துத் தருகிறேன் என்றும் சொல்கிறார். என் கணவருக்குச் சர்க்கரையால் கிட்னி பாதிப்பு, மருந்துக்கு மாதம் 5,600 போகிறது. அதில் எம்பாக்ளிஃப்ளோசின் 1,800, டாக்டர் புதிதாக எழுதிய ஃபினரினோன் 2,400, மீதி இன்சுலின், பிரஷர் மாத்திரை எல்லாம். எனக்குக் கார்மெண்ட்ஸில் 15,000 சம்பளம், ஒன்பது வருடமாக அதே கம்பெனி. அவர் உடம்பு முடிந்த நாளில் ஆட்டோ எடுப்பார். பேங்கில் 60,000 எஃப்.டி. இருக்கிறது. வாடகை வரும்வரை மூன்று மாதம் அந்தப் புது மாத்திரையை நிறுத்தி மீட்டருக்குக் காசு சேர்க்கலாமா, இல்லை எஃப்.டி.யை உடைக்கலாமா? எனக்கு வயது 54.

பதில்: அக்கா, மாத்திரையை நிறுத்த வேண்டாம், எஃப்.டி.யையும் உடைக்க வேண்டாம். சப் மீட்டரும் வேண்டாம். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதில்தான் இருக்கிறது.

முதலில் மீட்டர். பெங்களூரு மின்வாரியமான பெஸ்காமில் 2025 பிப்ரவரியிலிருந்து புது கனெக்‌ஷன் என்றால் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம். சிங்கிள் ஃபேஸ் மீட்டர் அதுவரை 950 ரூபாய்தான், அது ஒரேயடியாக 4,998 ஆனது, ஊரெல்லாம் கோபப்பட்டதும் அதனால்தான். ஏற்கனவே கனெக்‌ஷன் உள்ளவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆகவே உங்கள் கீழ்வீட்டு மீட்டரை யாரும் மாற்றச் சொல்லப் போவதில்லை. இப்போது 14,000-க்கும் 4,998-க்கும் நடுவே இருக்கிற ஒன்பதாயிரம் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். டெபாசிட் எவ்வளவு, ஒயரிங் சாமான் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். பெஸ்காமுக்குக் கட்ட வேண்டியதை அவர் கையில் கொடுக்காமல் டிமாண்ட் நோட்டைப் பார்த்து நீங்களே கட்டுங்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். இன்னொரு விஷயம், 2024 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஓசி, அதாவது கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ், இல்லாத கட்டடங்களுக்குப் புது கனெக்‌ஷன் கிடைப்பது பெரிய இழுபறியானது. உங்களுடையது 600 சதுர அடி மனை, 1,200 சதுர அடி வரைக்கும் கர்நாடக அரசு பிறகு தளர்வு கொடுத்தது, இருந்தாலும் காசு கட்டுவதற்கு முன் சப் டிவிஷன் ஆபீசில் உங்கள் பிளானைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சப் மீட்டர் ஆயிரம் ரூபாய் என்பது மலிவாகத் தெரிகிறது, ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது பில் வருவதில்லை என்றால் அதற்குக் காரணம் மாத உபயோகம் உங்கள் பழைய உபயோகத்தை வைத்து உங்களுக்கு ஒதுக்கிய அளவுக்குள் இருப்பதுதான். 200 யூனிட்டுக்குள் இருந்து உங்கள் அளவை மட்டும் தாண்டினால் தாண்டியதற்குக் கட்டினால் போதும். 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில்லும் உங்கள் தலையில். நீங்கள் 130 யூனிட் எரிக்கிறீர்கள், மேல்வீட்டில் ஒரு சின்னக் குடும்பம் 90 எரிக்கிறது என்று வையுங்கள், மொத்தம் 220. 2025-26 கட்டணப்படி யூனிட் 5.80, அதற்குமேல் யூனிட்டுக்கு மின்வாரிய ஊழியர் பென்ஷனுக்கென 36 பைசா சர்சார்ஜ், உங்கள் லோடு மூன்று கிலோவாட் என்று வைத்தால் ஒரு கிலோவாட்டுக்கு 145 வீதம் நிலைக்கட்டணம், அப்புறம் 9 சதவீத வரி, எல்லாம் கூட்டினால் 1,900 ரூபாயை ஒட்டி வரும். வாடகைக்காரர் அவருடைய 90 யூனிட்டுக்குக் கொடுத்தாலும் மீதி உங்கள் கையிலிருந்துதான், மாதாமாதம். ஆயிரம் ரூபாய் சப் மீட்டரில் மிச்சம் பிடித்ததாக நினைப்பது ஒரு வருடத்துக்குள் கரைந்துவிடும், அதன்பிறகு நஷ்டம்தான். இன்னொரு பக்கம், தனி மீட்டர் இருந்தால் வாடகைக்காரர் அவர் பெயரில் அரசின் சேவா சிந்து இணையதளத்தில் பதிவு செய்து கிருஹ ஜோதி வாங்கிக்கொள்ளலாம். பழைய கணக்கு இல்லாத புது கனெக்‌ஷனுக்கு 58 யூனிட் என்று திட்டம் தொடங்கும்போதே வகுத்திருந்தார்கள். அவருக்கும் லாபம், வீடும் சீக்கிரம் போகும்.

ஸ்மார்ட் மீட்டர் வேகமாக ஓடும் என்று பயப்படாதீர்கள். அது எண்ணும் யூனிட்டும் பழைய மீட்டர் எண்ணும் யூனிட்டும் ஒன்றே, வித்தியாசம் ரீடிங் எடுக்க ஆள் வராமல் தானாக ஆபீசுக்குப் போய்விடுகிறது என்பதுதான். சந்தேகம் வந்தால் மத்திய அரசின் 2024 திருத்த விதிப்படி புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு சோதனை மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஓட விட்டு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். 1912-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வையுங்கள். மாத பில் முறையா, முன்பணம் கட்டும் முறையா என்பதை மட்டும் விண்ணப்பம் போடும்போதே தெளிவாகக் கேளுங்கள், முன்பணம் தீர்ந்து கரண்ட் நின்றால் வாடகைக்காரர் முதலில் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

சரி, இப்போது மருந்து. இதில் நான் டாக்டர் இல்லை, எந்த மாத்திரை வேண்டும் வேண்டாம் என்பது உங்கள் டாக்டர் சொல்வது. ஆனால் எதற்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் நிறுத்தலாமா என்ற எண்ணமே வராது. சர்க்கரையால் வரும் கிட்னி பாதிப்பில் இன்று மருந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. அடியில் டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை, அது மலிவு. அதற்கு மேல் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை. எம்பா-கிட்னி என்ற பெரிய ஆய்வில் எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிட்டவர்களுக்குக் கிட்னி மோசமாவதும் இதயநோயால் இறப்பதும் சேர்த்து 28 சதவீதம் குறைந்தது. ஃபினரினோன் அதற்கும் மேலே வருவது. 2020-ல் வந்த ஃபிடெலியோ ஆய்வில் 5,700க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏறக்குறைய இரண்டரை வருடம் கவனித்தார்கள், எல்லோரும் ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அவர்களிலும் கிட்னி கெட்டுப்போவது 18 சதவீதம் குறைந்தது. போன கிட்னியை இவை திருப்பித் தருவதில்லை, கெட்டுப்போகும் வேகத்தைக் குறைக்கின்றன. வலி இல்லாத நோய் என்பதால் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் வீட்டில் காசு இறுகும்போது முதலில் இதில் கை வைக்கத் தோன்றுகிறது. மூன்று மாதம் நிறுத்தினால் உடனே கிட்னி போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் வாடகை வந்ததும் ஸ்கூல் ஃபீஸ், கல்யாணம், ஆட்டோ ரிப்பேர் என்று வேறொன்று வந்து நிற்கும், நிறுத்தியது நிறுத்தியபடியே போகும். மறுபடி தொடங்கினாலும் இந்த மாத்திரைக்கு நாலு வாரத்தில் பொட்டாசியம் டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டும், அது ஒரு செலவு. அந்த டெஸ்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள், பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்.

நீங்கள் தள்ளிப்போட முயல்வது டயாலிசிஸை. தனியார் இடத்தில் ஒரு தடவைக்கு 1,500-லிருந்து 3,000 வரை, வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்தாலும் அந்த நாட்களில் ஆட்டோ ஓடாது, கூடப் போகும் உங்களுக்குச் சம்பளம் வெட்டு. 2,400 ரூபாயை அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஆனால் 5,600 கட்டாயம் 5,600-ஆகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச் 11-ம் தேதியோடு முடிந்துவிட்டது. மாத்திரை ஒன்று 60 ரூபாய்க்கு விற்றது போய், அதே 10 மில்லிகிராம் பல இந்தியக் கம்பெனிகளிலிருந்து பத்து ரூபாய்க்கும் கீழே கூட வரத் தொடங்கியது. நீங்கள் 1,800 கொடுக்கிறீர்கள் என்றால் பழைய பிராண்ட் பெயரையே சீட்டில் பார்த்து கடைக்காரர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த தடவை டாக்டரிடம் கூச்சப்படாமல், "சார், இதே மருந்து வேறு கம்பெனியில் மலிவாக இருக்கிறதாமே, மாற்றி எழுதுவீர்களா" என்று கேளுங்கள், காசு கஷ்டத்தையும் சொல்லுங்கள். டாக்டர்களுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். இது ஒன்றிலேயே மாதம் 1,500 மிச்சம். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை ஜன் ஔஷதி கடையில் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் சில நூறு குறையும்.

இப்போது அந்தச் சம்பளச் சீட்டு. ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்று ஒரு பிடித்தம் இருக்கும், உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், 15,000-க்கு 112 ரூபாய் சொச்சம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் போடுகிறது. ஒன்பது வருடமாகக் கட்டியிருக்கிறீர்கள். இது உங்கள் ஒருவருக்கு மட்டும் என்று பல பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் கார்மெண்ட்ஸில் நிறைய பேர். மனைவி ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் கணவருக்கும் அதே வைத்தியம் உண்டு, அவர் ஆட்டோவில் சம்பாதிப்பது அதற்குத் தடை இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கூப்பிடு தூரம். கம்பெனி எச்.ஆரிடம் போய் உங்கள் கணவர் பெயரும் ஆதாரும் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு இப்போதைய டாக்டர் சீட்டு, கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். இன்சுலின், பிரஷர் மாத்திரை, ரத்தப் பரிசோதனை இவை அங்கே காசில்லாமல் நடக்க வேண்டியவை. ஃபினரினோன் ஸ்டாக்கில் இல்லை என்று சொல்லக்கூடும், அப்படியானால் அங்குள்ள ஸ்பெஷலிஸ்ட் எழுதினால் வாங்கித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை அதை மட்டும் வெளியில் வாங்குங்கள். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும், உண்மைதான். ஆனால் மாதம் மூவாயிரம் மிச்சமாகும் அரை நாள் அது. ஈ.எஸ்.ஐ.யில் மனது ஒப்பவில்லை என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசின் சிறுநீரக நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு தடவை காட்டி இரண்டாவது கருத்து வாங்கலாம்.

மீட்டர் காசுக்கு எஃப்.டி.யின் பேரில் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் கூட இருக்கும். 14,000 எடுத்து மருந்தில் மிச்சமாகும் காசைக்கொண்டு ஐந்தாறு மாதத்தில் அடைத்தால் வட்டி முந்நூறு நானூறு ரூபாய்க்குள் முடியும், 60,000 அப்படியே நிற்கும். கிட்னி நோயாளி இருக்கிற வீட்டில் உடனே எடுக்கக்கூடிய அந்தப் பணம் இருந்தே ஆக வேண்டும்.

வாடகை அட்வான்ஸ் கைக்கு வந்ததும் அதில் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். அட்வான்ஸ் நீங்கள் திருப்பித் தர வேண்டிய பணம், அதைத் தனி எஃப்.டி.யாகப் போடுங்கள். மாத வாடகை இல்லாமல் லீஸுக்கு விட்டால் மொத்தமாக நாலைந்து லட்சம் வருமே என்று புரோக்கர் ஆசை காட்டினாலும் வேண்டாம். உங்களுக்குத் தேவை மாதாமாதம் வரும் வாடகை. புது மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்ற யோசனை இருந்தால், ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள், பிரீமியமும் அதிகம், இப்போது உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. போதும்.

கடைசியாக ஒன்று, இதை எச்.ஆர். தானாகச் சொல்ல மாட்டார். குறைந்தது ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்துவிட்டு ஓய்வு வயது வந்து வேலையை விடுகிறவர்கள் வருடத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டி தனக்கும் கணவருக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். உங்களுக்கு 54. கை வலிக்கிறது, பி.எஃப்.ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று பாதியில் சும்மா நின்றுவிட்டால் இந்த உரிமை கைவிட்டுப் போகும். ஆகவே கம்பெனியின் ஓய்வு வயது என்ன என்று இப்போதே கேட்டு வைத்து, அந்த நாள்வரை இருந்து, ஓய்வு பெற்றதாகக் கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.