ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு 600க்கு மேல அர்த்தம் இருக்காமே, அது எது? அதையெல்லாம் எப்படி கத்துக்கறது?

நீங்க கேள்விப்பட்டது 'ரன்' பத்திதான். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில இந்த சொல்லுக்கு வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம், பீட்டர் கில்லிவர்ங்கற அகராதி ஆசிரியர் மாசக்கணக்கா உக்காந்து பிரிச்சு எழுதினது. அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் 'செட்'தான் முதலிடத்துல இருந்துச்சு, 1989ல வந்த ரெண்டாம் பதிப்புல அதுக்கு 430 அர்த்தம்.

ஆனா இந்த எண்ணைப் பாத்து மலைச்சுப் போயிடாதீங்க, அதுக்காகத்தான் இந்த பதிலை எழுதறேன். ஆறு ஓடுறதுக்கு ஒரு நம்பர், மெழுகு உருகி வழியறதுக்கு ஒண்ணு, துவைக்கும்போது சாயம் இறங்கி பக்கத்து துணியில ஏறுதே அதுக்கு ஒண்ணுன்னு அகராதிக்காரங்க நுணுக்கமா பிரிப்பாங்க, இப்ப யாருமே பேசாத பழைய பொருளும் அதுல இருக்கும். மாணவர்களுக்குன்னு போடற டிக்‌ஷனரிய எடுத்தீங்கன்னா இதே சொல்லு ரெண்டு மூணு பக்கத்துல முடிஞ்சிடும்.

அதுலயும் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். நம்ம 'ஓடு' என்னென்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, தண்ணி ஓடுது, மனசுக்குள்ள ஏதோ ஓடிட்டே இருக்கு. இது எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயும் 'ரன்' சொல்லலாம். நிக்காம போயிட்டே இருக்கற எதுவா இருந்தாலும் ரெண்டு மொழியும் காலால ஓடுறதுக்கு வச்சிருந்த சொல்லையே எடுத்துக்கிச்சு. ஜெர்மானிய மொழிகள்ல இந்த சொல்லோட பழைய வேருக்கு ஓடுறது, ஒழுகுறது ரெண்டு பொருளும் உண்டு, இன்னைக்கும் ஜெர்மன்ல 'ரென்னென்'னா ஓடுறது, 'ரின்னென்'னா ஒழுகுறது. மூக்கு ஒழுகினா இங்கிலீஷ்காரன் 'ரன்னி நோஸ்'ங்கறது இதனாலதான், இல்லன்னா மூக்கு எங்க ஓடப் போகுது!

அப்புறம் தொழிற்புரட்சி வந்துச்சு. மில்லு, ரயிலு, இன்ஜின்னு வந்த ஒவ்வொரு மெஷினும் 'ரன்' ஆச்சு, பின்னாடி கம்ப்யூட்டர் வந்ததும் ப்ரோக்ராமும் ரன் ஆச்சு. 'செட்'டை 'ரன்' முந்தினதுக்கு இதுதான் பெரிய காரணம்னு சொல்றாங்க, எனக்கும் அது சரியாத்தான் படுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது கிரிக்கெட் ரன்தான். ஆதியில ஸ்கோர் எழுதறவங்க குச்சியில வெட்டு போட்டு எண்ணினாங்க, அதனால ரன்னுக்கு 'நாட்ச்'னே பேரு, அதாவது வெட்டு. அப்புறம்தான் பிட்ச்ல ஓடுற ஓட்டமே கணக்குக்கும் பேரா நின்னுச்சு. இப்ப சிக்ஸ் அடிச்சிட்டு பேட்ஸ்மேன் நின்ன இடத்துலயே நிக்கறாரு, ஆனாலும் ஆறு ரன். பேங்க் ரன்னும் அப்படித்தான், ஒரு காலத்துல பேங்க் திவாலாகப் போகுதுன்னு வதந்தி கிளம்பினா ஜனங்க நிஜமாவே வாசலுக்கு ஓடினாங்க, 2023 மார்ச்ல அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 42 பில்லியன் டாலரை எடுக்கப் பாத்தாங்க, பெரும்பாலும் உக்காந்த இடத்துலேர்ந்தே ஆன்லைன்ல, ஆனா பேரு இன்னமும் ரன்தான்.

நமக்கு உதைக்கிற இடம்னு பாத்தா, தமிழ்ல வேற வினை வர்ற இடங்கள்தான். கம்பெனிய நாம நடத்துவோம், அவங்க 'ரன்' பண்ணுவாங்க. காய்ச்சல் நமக்கு அடிக்கும், அவங்க டெம்பரேச்சரை 'ரன்' பண்ணுவாங்க. தேர்தல்ல நாம நிப்போம், பிரிட்டிஷ்காரங்களும் 'ஸ்டாண்ட்'தான், அமெரிக்காக்காரங்க மட்டும் 'ரன்'னுவாங்க. சர்க்கரை வியாதி பரம்பரையா வருதுன்னா 'ரன்ஸ் இன் த ஃபேமிலி'. இந்த மாதிரி ஒரு இருபது முப்பதை முழு வாக்கியமா ஒரு நோட்டுல எழுதி வாய்விட்டு படிங்க, அது போதும். தனி சொல்லா மனப்பாடம் பண்ணினா நிக்கவே நிக்காது.

அதுக்கப்புறம் பின்னாடி ஒட்டுற குட்டி சொல்லை கவனிங்க. நம்மகிட்ட பால் தீந்து போச்சுன்னா 'ரன் அவுட் ஆஃப் மில்க்', அங்க அந்த 'ஆஃப்' கட்டாயம் வேணும், அது இல்லாம 'ரன் அவுட் மில்க்'னு சொன்னா வாக்கியமே தப்பாகிடும். தெரிஞ்சவரை தற்செயலா பாத்தா 'ரன் இன்டு'. 'ரன் ஓவர்'னா அவர் மேல வண்டிய ஏத்திட்டீங்கன்னு அர்த்தம், அதனால இந்த ரெண்டையும் முதல்லயே நல்லா பிரிச்சு வச்சுக்கோங்க.