வாங்கும் முன் கேளுங்கள்: பெயரில்லாத போத்தல்

கேள்வி (கிண்ணியா): எனக்கு ஏழு மாதம். இடுப்பு வலிக்கு நல்லது என்று தெரிந்த ஒருவர் ஒரு போத்தல் எண்ணெய் விற்றார். இரண்டு கிழமை பூசினேன். அது வெல்டிங் பிளான்டில் இருந்து வடித்த பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய் என்று இப்போதுதான் தெரியவந்தது. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: தங்கச்சி, பிழை உங்களுடையது இல்லை. என்ன எண்ணெய் என்று சொல்லாமல் விற்றவருடையது. பூசுவதை இன்றே நிறுத்துங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். மிச்ச எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். மூடி வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், பழைய ட்ரான்ஸ்போமர்களில் பிசிபி என்ற இரசாயனம் இருந்தது. 1929 முதல் வணிகத்துக்காகத் தயாரித்தார்கள். சூட்டுக்கு அசையாது, இலேசில் அழியாது என்பதால்தான் அதை விரும்பினார்கள். அதே குணத்தால் அது நம் உடம்புக் கொழுப்பிலும் வருடக்கணக்கில் தங்குகிறது. தோலால் உள்ளே போகும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். பிள்ளையின் மூளை வளரத் தேவையான தைராய்டு சுரப்பை அது குழப்புகிறது. 1968இல் ஜப்பானிலும் 1979இல் தாய்வானிலும் தவிட்டு எண்ணெயில் பிசிபி கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குத் தோல் கறுத்த, எடை குறைந்த பிள்ளைகள் பிறந்தார்கள். தாய்வானில் சில வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கினார்கள்.

அவர்கள் அந்த எண்ணெயை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள். நீங்கள் பூசியது இரண்டு கிழமை. எல்லா ட்ரான்ஸ்போமர் எண்ணெயிலும் பிசிபி இருக்கிறது என்றும் இல்லை. ஆனால் பழைய ட்ரான்ஸ்போமர் பெட்டியில் மிஞ்சிய பிசிபி புது எண்ணெயிலும் கலந்துவிடும். நிறத்திலோ மணத்திலோ தெரியாது, ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதன் நன்மை பெரிது.

சோடாப் போத்தலில் ஊற்றி, பெயர் ஒட்டாமல் விற்கிற எதையும் கர்ப்பிணிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். இப்படியான விற்பனைக்கு முறைப்பாடு செய்ய, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

கேள்வி (உப்புவெளி): கர்ப்பமாக இருக்கிறேன். ஒட்டாத தாச்சியில் 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பிஎஃப்ஓஏ என்பது ஒட்டாத பூச்சுச் செய்யப் பயன்பட்ட ஓர் இரசாயனம். இலேசில் அழியாத நச்சு இரசாயனங்களைத் தடுக்க உலக நாடுகள் செய்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது 2019இல் சேர்ந்தது. அதே குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் உண்டு, அவை இல்லை என்று அந்த ஒட்டி சொல்லவில்லை. பிஎஃப்ஓஏ தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், பிறப்பு எடை குறைவதோடும் தொடர்புபடுத்தப்படுகிறது.

நானும் சந்தையில் மலிவாக ஒன்று வாங்கினேன். வாங்கி மூன்றாம் மாதம் முட்டை பொரிக்கும்போது, வெள்ளைக் கருவில் கறுப்புச் செதில் ஒட்டி வந்தது. பில் எடுக்காததால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்தச் செதிலில் பெரும்பகுதி வயிற்றில் தங்காமல் வெளியேறிவிடும், பயப்படாதீர்கள். ஆனால் வெறும் தாச்சியை அடுப்பில் காய வைக்காதீர்கள். கீறல் விழுந்ததை விட்டுவிட்டு இரும்புத் தாச்சிக்கு மாறுங்கள்.

கேள்வி (மூதூர்): பால் ஊறும் என்று மாமி தினமும் சுறாப் புட்டு செய்கிறார். கைக்குழந்தைக்கு ஆகுமா?

பதில்: வேண்டாம். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசம் அதில் சேர்கிறது. அது தாய்ப்பால் வழியே பிள்ளைக்கும் போகலாம். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பாதரச நோயில், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே வயிற்றுப் பிள்ளையின் மூளை பழுதானது. மாமியிடம் சாளையும் நெத்தலியும் வாங்கித் தரச் சொல்லுங்கள். மீனையே விட்டுவிட வேண்டாம், பிள்ளையின் மூளைக்கு அது தேவை.

கேள்வி (நிலாவெளி): முகநூலில் மூன்றாவது தடவையாக வெள்ளையாக்கும் கிறீம் வாங்கினேன். லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. நாலு மாதக் கர்ப்பம்.

பதில்: முதல் தடவை உங்களை ஏமாற்றினார்கள். மூன்றாவது தடவை தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள். இப்படியான கிறீம்களில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. குப்பியோடு நாளைக்கே கிளினிக் போங்கள்.